பழைய லேப்டாப், லினக்ஸ், சர்ஜ் எக்ஸ்டி: காந்தாரம் சுத்தமா பேசுற ஒரு சின்தசைஸர் செட் பண்றது எப்படி

அக்கா பொண்ணு பாட்டு கிளாஸ் போறா. வீட்டுல ப்ராக்டீஸுக்கு ஒரு சின்ன கீபோர்டு வாங்கிக் கொடுத்தாங்க, ரெண்டு மாசம் போனதும் டீச்சர் அக்காவைக் கூப்பிட்டு "கீபோர்டை வச்சுப் பாட விடாதீங்கம்மா, காந்தாரம் ஏறிப் போகுது"ன்னு சொல்லிட்டாங்க. காந்தாரம்னா ச ரி கவுல அந்த க. அக்கா நேரா என்கிட்ட வந்து "நீதான் எப்பப் பாரு லினக்ஸு லினக்ஸுன்னு கிடக்குறியே, இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதாடா?"ன்னு கேட்டா. பண்ணலாம். பத்து பைசா செலவில்லாம பண்ணலாம். நான் பண்ணினதை அப்படியே எழுதுறேன், உங்களுக்கு கர்நாடக சங்கீதமே வேணாம், சும்மா சின்த் (சின்தசைஸர், சத்தத்தைத் தானே உருவாக்குற வாத்தியம்) வாசிக்கணும்னாலும் முதல் பாதி அப்படியே பொருந்தும்.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடுறேன், முழுக்க தமிழ் எழுத்துலயே அடிக்கிறேன், கமாண்டெல்லாம் உச்சரிப்புலதான் இருக்கும், டெர்மினல்ல நீங்க இங்கிலீஷ்ல அடிச்சுக்கணும்.

என்கிட்ட இருந்தது ஒரு பழைய ஐ5 லேப்டாப், 8 ஜிபி ராம், உபுண்டு 24.04. யூஎஸ்பி ஓட்டை இருக்கிற கீபோர்டு. சின்த்துக்கு சர்ஜ் எக்ஸ்டி. இந்த சர்ஜ் முதல்ல காசுக்கு வித்துட்டு இருந்த சாஃப்ட்வேர், எழுதினவரு கிளாஸ் யோஹான்சன், 2018ல சோர்ஸ் முழுசையும் ஜிபிஎல் 3ங்கிற லைசன்ஸ்ல, யார் வேணா எடுத்து மாத்திக்கலாம்னு திறந்து விட்டுட்டாரு, அதுக்கப்புறம் ஒரு கூட்டமே சேர்ந்து அதை வளர்த்து 2022ல எக்ஸ்டின்னு வெளியிட்டாங்க. ஏன் இதையே எடுத்தேன்னா ஸ்வரத்தோட அளவை நாமளே ஃபைல்ல எழுதி உள்ள ஏத்தலாம். இந்த கைடோட பாதி விஷயம் அதுதான்.

புதுசா வர்ற எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, நானும் பண்ணேன்: முதல் நாளே பத்து சின்த்தை இறக்கி வச்சுட்டு, கட்டையை அமுக்கினா சத்தம் லேட்டா வருது, கரகரன்னு வருது, "லினக்ஸ்ல இதெல்லாம் தேறாது"ன்னு மூடி வச்சுடுறது. சின்த் மேல தப்பே இருக்காது. சவுண்ட் போற பாதையை முதல்ல சரி பண்ணுங்க, சின்த் அப்புறம்.

பாதை

இப்போ வர்ற உபுண்டு, ஃபெடோரா ரெண்டுலயும் சவுண்டைப் பார்த்துக்கிறது பைப்வயர். முன்னாடியெல்லாம் பாட்டு கேக்க பல்ஸ்ஆடியோ, வாசிக்க ஜாக்குன்னு ரெண்டு பேரு, ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணு வாயை மூடிக்கும், அதை சமாதானம் பண்றதுலயே ஞாயித்துக்கிழமை போயிடும். பைப்வயர் ரெண்டு வேலையையும் சேர்த்துப் பார்க்குது. நமக்கு வேண்டியது ஜாக்குக்காக எழுதின சாஃப்ட்வேரெல்லாம் பைப்வயர்கிட்டயே பேசுறதுக்கு ஒரு பேக்கேஜ், அப்புறம் வயரிங் பார்க்க ஒரு படம்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைப்வயர்-ஜாக் க்யூபிடபிள்யூகிராஃப்

அடுத்தது பஃபர். கட்டையை அமுக்குறதுக்கும் சத்தம் வர்றதுக்கும் நடுவுல இருக்கிற தாமதம் பெரும்பாலும் இதுலதான் இருக்கு. பைப்வயர் சாதாரணமா 1024 சாம்பிளை (சத்தத்தோட குட்டித் துண்டு) ஒரு மூட்டையா கட்டி அனுப்பும், செகண்டுக்கு 48000 சாம்பிள், அப்போ ஒரு மூட்டைக்கு 21 மில்லிசெகண்டு. பாட்டு கேக்க இது போதும், வாசிக்க ஆகாது, விரல் ஒரு பக்கம் காது ஒரு பக்கம்னு இழுக்கும். 256 வச்சா 5.3 மில்லிசெகண்டு, 128 வச்சா 2.7. இது ஒரு மூட்டைக்கு உண்டான கணக்குதான், கீபோர்டு, சவுண்ட் கார்டு எல்லாம் அவங்கவங்க பங்குக்கு கொஞ்சம் சேர்த்துக்குவாங்க. மாத்துறதுக்கு:

பிடபிள்யூ-மெட்டாடேட்டா -என் செட்டிங்ஸ் 0 கிளாக்.ஃபோர்ஸ்-குவான்டம் 256

வேலை முடிஞ்சதும் அதே கமாண்டுல 256க்கு பதிலா 0 போட்டா பழைய நிலைமைக்குப் போயிடும். நான் முதல் நாள் ஆசையா 64 வச்சேன், தீபாவளி பட்டாசு மாதிரி படபடன்னு வெடிச்சுது. இந்த லேப்டாப்புக்கு 256தான் சரி, பாட்டுப் பாட அதுக்குக் கீழ போகவும் தேவையில்ல.

வெடிக்குதா இல்லையான்னு காதை மட்டும் நம்பாதீங்க. இன்னொரு டெர்மினல்ல பிடபிள்யூ-டாப்னு அடிச்சு ஓட விடுங்க, அதுல ஈஆர்ஆர்னு ஒரு காலம் இருக்கும், வாசிக்கும்போது அந்த நம்பர் ஏறிக்கிட்டே போனா சிபியூ நேரத்துக்கு மூட்டையைக் கட்டித் தரலைன்னு அர்த்தம். ஏறினா, பஃபரைக் கூட்டுறதுக்கு முன்னாடி பவர் மோடை பர்ஃபார்மன்ஸ்ல வைங்க, சார்ஜர்ல போடுங்க, வைஃபையை அணைச்சுப் பாருங்க. வைஃபை விஷயம் நான் நம்பவே இல்ல, அணைச்சதும் பாதி வெடிச் சத்தம் போயே போச்சு.

அப்புறமும் அடங்கலைன்னா ரியல்டைம் பர்மிஷன். பைப்வயர் தனக்கு வேண்டிய முன்னுரிமையை ஆர்டிகிட்னு ஒரு சர்வீஸ் மூலமா தானே வாங்கிக்கும், அதனால நிறைய பேருக்கு இது தேவையே படாது. தேவைப்பட்டா உங்க யூஸரை ஆடியோ க்ரூப்ல சேர்த்து, அந்த க்ரூப்புக்கு லிமிட்ஸ்.டி ஃபோல்டர்ல ஆர்டிப்ரியோ 95, மெம்லாக் அன்லிமிடெட்னு ரெண்டு வரி போட்டு, லாக்அவுட் பண்ணி உள்ள வாங்க. இங்க ஒரு எச்சரிக்கை, க்ரூப்ல சேர்க்கிற யூஸர்மாட் கமாண்டுல சின்ன ஏ, பெரிய ஜி ரெண்டும் வேணும். நான் ஏவை விட்டுட்டேன். விட்டா என்ன ஆகும்னா, ஆடியோ க்ரூப்ல சேர்த்துட்டு மத்த எல்லா க்ரூப்ல இருந்தும் உங்களைத் தூக்கிடும், சூடோ உட்பட. சொந்த லேப்டாப்புல நானே விருந்தாளி ஆகி, ரிகவரி மோடு போய் திரும்ப என்னைச் சேர்த்துக்கிட்டேன், ராத்திரி ஒரு மணிக்கு.

ப்ளூடூத் ஹெட்போன்ல முயற்சி பண்ணாதீங்க. இவ்வளவு கஷ்டப்பட்டு 5 மில்லிசெகண்டுக்குக் கொண்டு வந்ததை அது ஒரே நொடியில நூத்துக்கணக்குல ஏத்திடும். வயர் ஹெட்போன் போதும். ஸ்பீக்கர்ல போடுறவங்களுக்கு, சார்ஜர் சொருகினதும் ங்ங்ங்ன்னு ஒரு ரீங்காரம் வந்தா அது லினக்ஸ் இல்ல, கரண்டு. எர்த் இருக்கிற நல்ல சாக்கெட்டுக்கு மாத்திப் பாருங்க, இல்ல ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு வச்சுக்கங்க.

கீபோர்டும் சர்ஜும்

கீபோர்டுக்கு பெரும்பாலும் டிரைவர் கிரைவர் ஒண்ணும் வேணாம், யூஎஸ்பியில சொருகினா லினக்ஸ் அதுவே கண்டுபிடிச்சுக்கும். ஏகனெக்ட் -எல் அடிச்சா லிஸ்ட்ல கீபோர்டு பேரும் ஒரு நம்பரும் வரும், 24ன்னு வந்தா ஏசீக்டம்ப் -பி 24ன்னு அடிச்சுட்டு நடு சியை அமுக்குங்க, நோட் ஆன், 60, எவ்வளவு அழுத்தமா அடிச்சீங்கங்கிறது எல்லாம் வரிசையா ஓடும். இங்க வரலைன்னா சின்த்ல எவ்வளவு நோண்டினாலும் வராது, கேபிளை மாத்துங்க. சில போன் கேபிள் சார்ஜ் மட்டும்தான் போடும், டேட்டா போகாது, நான் ஒரு சாயங்காலம் முழுக்க அதுல ஏமாந்தேன்.

சர்ஜ் எக்ஸ்டிக்கு அவங்க சைட்லயே டெப் ஃபைல் இருக்கு. டபுள் கிளிக் பண்ணி ஒண்ணும் நடக்கலைன்னா டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குப் போய் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் போட்டு, ஒரு புள்ளி, ஒரு சாய்வுக் கோடு, அப்புறம் ஃபைல் பேரு. புள்ளியும் கோடும் முக்கியம், இல்லைன்னா அந்தப் பேருல ஒண்ணுமே இல்லைன்னு கைய விரிச்சிடும். அப்புறம் டெர்மினல்ல பிடபிள்யூ-ஜாக்னு அடிச்சு பக்கத்துல சர்ஜ் பேரை அடிக்க ஆரம்பிச்சு டாப் கீயை அமுக்குங்க, மிச்சத்தை அதுவே முடிச்சுக் கொடுக்கும்.

திறந்ததும் ஆப்ஷன்ஸ்ல ஆடியோ செட்டிங்ஸ் போங்க. டிவைஸ் டைப் ஜாக். கீழ மிடி (எந்தக் கட்டையை அமுக்கினோம்னு கீபோர்டு அனுப்புற சேதி) இன்புட் லிஸ்ட்ல உங்க கீபோர்டுக்கு நேரா டிக் இருக்கான்னு பாருங்க. இந்த டிக்கைத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க, மறந்துட்டு க்யூபிடபிள்யூகிராஃப்ல வயரை மாத்தி மாத்திப் போட்டுட்டு இருப்பாங்க. மேல ஒரு பட்டையில ஆடியோ இன்புட் மியூட்ல இருக்குன்னு எழுதியிருந்தா பயப்படாதீங்க, அது மைக்கு, அது அப்படியே இருக்கட்டும். இப்போ கட்டையை அமுக்கினா சத்தம் வந்திருக்கணும். வரலைன்னா க்யூபிடபிள்யூகிராஃபைத் திறந்து, சர்ஜோட அவுட்புட்ல இருந்து ஸ்பீக்கருக்கு ரெண்டு கோடு போகுதான்னு பாருங்க, இல்லைன்னா மவுஸால இழுத்து விடுங்க.

முதல்ல சுருதி

சர்ஜ்ல சீன் ஏ, சீன் பின்னு ரெண்டு இருக்கு, ரெண்டும் முழு முழு சின்த், ஒவ்வொண்ணுலயும் மூணு ஆசிலேட்டர், அதாவது சத்தத்தை உண்டாக்குற பகுதி. ஸ்ப்ளிட் மோடுல வச்சா ஒரு கட்டைக்கு இந்தப் பக்கம் ஏ, அந்தப் பக்கம் பி. இடது கைப் பக்கம் சுருதிப்பெட்டி, வலது கைப் பக்கம் ஸ்வரம் வாசிக்க, இதுதான் ப்ளான்.

இனிட்னு இருக்கிற காலி பேட்சை (ஒரு சத்தத்தோட செட்டிங்ஸ் மொத்தமும் சேர்ந்தது பேட்ச்) எடுத்துக்கங்க. சீன் ஏவுல ப்ளே மோடு லாட்ச். லாட்ச்னா கட்டையை ஒரு தடவை தொட்டு விட்டா போதும், கையை எடுத்தாலும் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும், சுருதிக்குன்னே செஞ்ச மாதிரி. ஆனா லாட்ச்ல ஒரே ஒரு நோட்டுதான் பேசும், அதனால ச ப ச மூணையும் மூணு ஆசிலேட்டருக்குப் பிரிச்சுக் கொடுக்கணும். முதல் ஆசிலேட்டர் கிளாசிக், ஒண்ணும் மாத்தாம, அது ஷட்ஜம். மூணாவது அதே மாதிரி, ஆக்டேவ் மட்டும் +1, அது மேல் ஷட்ஜம். ரெண்டாவதுதான் பஞ்சமம், பிட்ச்சை 7.02 வைக்கணும். 7 இல்ல, 7.02. ஒரு கட்டைக்கும் பக்கத்துக் கட்டைக்கும் நடுவுல இருக்கிற தூரத்துல நூத்துல ஒரு பங்குதான் சென்ட். கீபோர்டு பஞ்சமம் 700 சென்ட், தம்புரா பஞ்சமம் ஷட்ஜத்தோட அதிர்வுல 3/2 மடங்கு, அதாவது 702 சென்ட். அந்த ஸ்லைடர் சாதாரணமா 7லயே முட்டி நிக்கும், ரைட் கிளிக் பண்ணி எக்ஸ்டெண்ட் ரேஞ்ச் போட்டா மேல போகும், நம்பரை நேரடியாவே டைப் பண்ணிக்கலாம். ஹிந்தோளம் மாதிரி பஞ்சமம் இல்லாத ராகம்னா அதே இடத்துல 4.98, மத்யம சுருதி ஆகிடும்.

மிக்ஸர்ல 2ம் 3ம் மியூட்ல இருந்தா எடுத்து விட்டு பஞ்சமத்தைக் கொஞ்சம் குறைச்சு வைங்க, லோபாஸ் ஃபில்டரை (கூர்மையான மேல் சத்தத்தை வெட்டுறது) போட்டு கட்ஆஃபை மெதுவா இறக்கிக்கிட்டே வாங்க, தேனீக் கூட்டம் மாதிரி இருந்த சத்தம் ஒரு இடத்துல ஹார்மோனியத் துருத்தி மாதிரி மெத்துன்னு ஆகும், அங்க நிறுத்திக்கங்க. யூனிசன், டிட்யூன் பக்கமே போகாதீங்க, கேக்க பெருசா இருக்கும், ஆனா சுருதி எங்க இருக்குன்னே தெரியாம குழப்பிடும். ரிவர்ப் உங்க இஷ்டம், அக்கா பொண்ணு கோயில் மண்டபம் மாதிரி வேணும்னு கேட்டா, கொஞ்சம் போட்டுக் கொடுத்தேன்.

காந்தாரத்துக்கு வருவோம்

டீச்சர் சொன்னது சரிதான், காதால அளந்து சொல்லியிருக்காங்க. கீபோர்டு எல்லா கட்டையையும் சரிசமமா நூறு நூறு சென்ட்டா வெட்டி வச்சிருக்கு, அதனால அந்தர காந்தாரம் 400ல நிக்குது. தம்புராவை மீட்டும்போது ஷட்ஜத்துக்குள்ளயே ஒரு காந்தாரம் தானா கேக்கும் இல்லையா, அது ஷட்ஜத்தோட அஞ்சாவது ஹார்மோனிக், அதாவது ஷட்ஜத்தோட அதிர்வுல அஞ்சு மடங்கு, அதை ரெண்டு ஆக்டேவ் கீழ இறக்கினா அளவு 5/4, 386 சென்ட். பதினாலு சென்ட் வித்தியாசம். எழுத்துல சின்னதாத்தான் இருக்கு. சுருதியைப் போட்டுட்டு மேல அந்த கட்டையை அமுக்கிப் பிடிச்சுக் கேளுங்க, 196 ஹெர்ட்ஸ் ஷட்ஜம்னா அதோட அஞ்சாவது ஹார்மோனிக் 980, கீபோர்டு காந்தாரத்தோட நாலாவது ஹார்மோனிக் கிட்டத்தட்ட 988, ரெண்டும் மோதி செகண்டுக்கு எட்டு தடவை வவ்வவ்வவ்னு அடிக்கும். சின்னப் பொண்ணு அதைக் கேட்டுக் கேட்டு பாடினா ஏறாம என்ன பண்ணும்.

சரி பண்றதுக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் போதும். ஸ்காலா ஃபைல்னு பேரு. சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்து இதை அப்படியே அடிங்க:

சுத்த சுருதி
12
16/15
9/8
6/5
5/4
4/3
45/32
3/2
8/5
5/3
9/5
15/8
2/1

முதல் வரி சும்மா பேரு, என்ன வேணா எழுதலாம். ரெண்டாவது வரி எத்தனை ஸ்வரம்னு. அப்புறம் சின்ன ரிஷபத்துல ஆரம்பிச்சு மேல் ஷட்ஜம் வரைக்கும் வரிசையா. ஷட்ஜத்தை எழுதக்கூடாது, அது 1/1ன்னு அதுக்கே தெரியும், கடைசியில 2/1 மட்டும் கட்டாயம். நான் 1/1ஐயும் சேர்த்து எழுதி பதிமூணு வரி ஆகி, ரி இருக்க வேண்டிய கட்டையில ச பேசுச்சு. பின்னம் வேணாம்னா சென்ட்லயும் எழுதலாம், ஆனா அப்போ நம்பர்ல புள்ளி இருக்கணும், 386.31 மாதிரி, புள்ளி இல்லாட்டி அதைப் பின்னமா எடுத்துக்கும். சேவ் பண்ணும்போது ஃபைல் பேரு எப்படி வேணா இருக்கட்டும், கடைசியில புள்ளி போட்டு எஸ்சிஎல், அது இங்கிலீஷ் சின்ன எழுத்துல.

அந்த ஃபைலை ஃபோல்டர்ல இருந்து அப்படியே இழுத்து சர்ஜ் ஜன்னல் மேல போடுங்க, இல்ல ட்யூனிங் மெனுவுல போய் லோட் பண்ணுங்க. அதே மெனுவுல ட்யூனிங்கை மிடி இன்புட்லயே போடணுமா, மாடுலேஷனுக்கு அப்புறம் போடணுமான்னு ரெண்டு சாய்ஸ் இருக்கும், மிடி இன்புட்டை எடுங்க. அப்பதான் நாம பஞ்சமத்துக்கு வச்ச 7.02 கணக்கு கெடாம நிக்கும்.

இப்போ சுருதி மேல காந்தாரக் கட்டையை அமுக்குங்க. அந்த வவ்வவ் நின்னு போய், சுருதிக்குள்ளயே கரைஞ்ச மாதிரி ஆகிடும். அக்கா பொண்ணு பழைய அளவையும் புது அளவையும் மாத்தி மாத்திப் போடச் சொல்லி ஒரு அரை மணி நேரம் விளையாடிட்டு இருந்தா.

இது வரைக்கும் ச இருக்கிறது சியில, அதாவது பாட்டுக்காரங்க சுருதிக் கணக்குல 1 கட்டை. பொண்ணுங்க பாடுறது பெரும்பாலும் 5 கட்டை, 5.5 கட்டை, அதாவது ஜி, ஜி ஷார்ப். சியில செஞ்ச அளவை ஜியில இருந்து வாசிச்சா எல்லாம் இடம் மாறிப் போயிடும், அதனால ச எந்தக் கட்டைன்னு சொல்ல இன்னொரு குட்டி ஃபைல், இதுக்கு கடைசி எழுத்து கேபிஎம்:

0
0
127
67
67
391.995
0

மேல இருக்கிற 0 தனியா மேப் எதுவும் வேணாம், வரிசையா போடுன்னு சொல்லுது. 0ல இருந்து 127 வரைக்கும் எல்லா கட்டைக்கும். முதல் 67 ச இருக்கிற கட்டை, அது ஜி. அடுத்த 67 எந்தக் கட்டைக்கு ஹெர்ட்ஸ் சொல்றோம்ங்கிறது, அதுக்குக் கீழ அந்த ஹெர்ட்ஸ். இதையும் இழுத்துப் போட்டா 5 கட்டை சுருதி ரெடி, எந்த ஜியை அமுக்கினாலும் ச.

சீன் பியில ப்ளே மோடை மோனோ எஃப்பி வச்சு போர்ட்டமென்ட்டோவைக் கொஞ்சம் ஏத்தினா, ஒரு கட்டையை விடாம அடுத்ததை அமுக்கும்போது மட்டும் வழுக்கிக்கிட்டுப் போகும், ஜாரு மாதிரி. மாதிரிதான். இதை வச்சு தோடி ராகத்துக் காந்தாரம் வாசிச்சுக் காட்டுறேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அந்த ஸ்வரம் ஒரு இடத்துல நின்னாத்தானே ஃபைல்ல நம்பர் எழுத. சரளி வரிசை, ஜண்டை வரிசை, நின்னு பாடுற ஸ்வரம், அதுக்குத்தான் இது.

மத்த சின்த் பத்திக் கேப்பீங்க. டெக்ஸ்டுன்னு ஒண்ணு, 1983ல வந்த யமஹா டிஎக்ஸ்7 அப்படியே, ஆறு ஆபரேட்டர், 32 அல்காரிதம், மணிச் சத்தமும் எலெக்ட்ரிக் பியானோவும் வேணும்னா அதுதான். ஜின்ஆட்சப்எஃப்எக்ஸ் 2002ல இருந்து இருக்கு, அதுல பேட்சின்த்னு ஒரு பகுதி, நீளமா மெதுவா பரவுற சத்தத்துக்கு அடிச்சுக்க ஆளில்ல, ஆனா எந்த பட்டன் எங்க இருக்குன்னு பழகவே ஒரு வாரம் ஆகும். நிஜ வாத்தியம் மாதிரி வேணும்னா ஃப்ளூயிட்சின்த், மவுஸால ஓட்ட க்யூசின்த், கூடவே ஒரு ஜிஎம் சவுண்ட்ஃபான்ட், அதாவது பொதுவா ஒத்துக்கிட்ட 128 வாத்தியத்தோட சத்தம் இருக்கிற ஃபைல். அந்த 128 வாத்திய லிஸ்ட்ல சிதார் இருக்கு, ஷெனாய் இருக்கு, ஸ்காட்லாந்துக்காரன் ஊதுற பைப் கூட இருக்கு, வீணை கிடையாது, நாகஸ்வரம் கிடையாது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கு.

பேட்சை ஒரு பேரு வச்சு சேவ் பண்ணிடுங்க. எஸ்சிஎல், கேபிஎம் ரெண்டு ஃபைலையும் ஹோம் ஃபோல்டர்ல ஒரே இடத்துல வைங்க, டவுன்லோட்ஸ்ல விட்டா என்னைக்காவது நீங்களே அழிச்சிடுவீங்க. டீச்சர் அடுத்த மாசம் 5.5 கட்டைக்கு ஏத்தச் சொன்னா கேபிஎம்ல ரெண்டு 67ஐயும் 68 ஆக்கி, 391.995 இருக்கிற இடத்துல 415.305 போட்டு திரும்ப இழுத்துப் போடுங்க, அவ்வளவுதான் வேலை.